பெங்களூரு பேஸ்பால் சிம் லீக்: மேனேஜர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் இருக்கும் தமிழர்கள் 12 பேர், ஆளுக்கு ஓர் அணி வைத்துக்கொண்டு, கணினியில் நடத்தும் பேஸ்பால் லீக் இது. ஒரு தொகுதி ஆட்டங்களைக் கணினியே ஓட்டி முடிவு சொல்வதுதான் சிம் (சிமுலேஷன்). ஆட்டம் ஓடுவது அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் (இனிமேல் ஓ.ஓ.டி.பி.) மென்பொருளில். இதே போல் இன்னொரு லீக் தொடங்க நினைப்பவர்களும் இந்த விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நான் என்ன செய்ய வேண்டும்? ஆடுவது யார்?

ஆடுவது மென்பொருள். யார் எந்த வரிசையில் அடிப்பது, எந்தப் பிட்சர் எப்போது வீசுவது, யாரை வாங்குவது, யாரை விடுவது என்று தீர்மானிப்பது நீங்கள். ஐபிஎல் ஃபேன்டசி ஆடிப் பழகியவர்கள் முதலில் குழம்புவார்கள். ஃபேன்டசியில் நேற்று மைதானத்தில் நிஜமாக நடந்ததற்குப் புள்ளி கிடைக்கும். இங்கே நிஜ ஆட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒவ்வொரு பேட்டருக்கும் பிட்சருக்கும் மதிப்பெண்கள் இருக்கும். இருவரும் மோதும்போது என்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டு, மென்பொருள் உள்ளுக்குள் பகடை உருட்டுகிறது.

பகடை என்பது சும்மா சொன்னதல்ல. அமெரிக்காவில் 1951இல் ஆப்பா, 1961இல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்று வீரர் அட்டைகளும் பகடையும் வைத்து ஆடும் ஆட்டங்கள் வந்தன. ஓ.ஓ.டி.பி. 1999இல் வந்தது.

எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். சேரலாமா?

சேரலாம். 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு 3 அவுட். வெளியே எடுத்த வீரர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. தொடக்கப் பிட்சருக்கு 4 நாள் ஓய்வு வேண்டும், அதனால் 5 பேர் தேவை. பெரும்பாலான பேட்டர்கள் எதிர்க்கைப் பிட்சரை (வலக்கைப் பேட்டருக்கு இடக்கைப் பிட்சர்) நன்றாக அடிப்பார்கள், தன் கைப் பிட்சரிடம் திணறுவார்கள். இந்த நான்கும் தெரிந்தால் முதல் சீசனுக்குப் போதும்.

ஒரு வாரம் எப்படி ஓடுகிறது?

செவ்வாய், வியாழன், ஞாயிறு ஆகிய மூன்று இரவுகளில் சிம். ஒவ்வொரு சிம்மிலும் ஆட்டக் காலண்டரில் 7 நாள் நகரும். ஒரு சீசனில் 162 ஆட்டம், சுமார் 26 சிம். ஆக 9 வாரத்தில் சீசன் முடிந்துவிடும். பிளேஆஃப், டிராஃப்ட் (அணிகள் முறைவைத்து வீரர்களைத் தேர்வது), ஒப்பந்த காலம் எல்லாம் சேர்த்தால் இன்னும் 5 வாரம்.

முதலில் லீக் ஃபைலைப் பதிவிறக்கி மென்பொருளில் திறக்க வேண்டும். காயம், ரோஸ்டர் (அணியில் இருப்போர் பட்டியல்), பிட்சர் வரிசை, லைன்அப் (அடிக்கும் வரிசையும் ஃபீல்டிங் இடமும்) என்ற இந்த ஒழுங்கில் பாருங்கள்; லைன்அப்பை முதலில் சரிசெய்துவிட்டு ரோஸ்டருக்குப் போனால் லைன்அப் மறுபடி கலைந்துவிடும். பிறகு உங்கள் அணியின் மாற்றங்களைத் தனி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து சர்வருக்கு ஏற்றுங்கள். காலக்கெடு இரவு 10 மணி. லீக்கை நடத்தும் கமிஷனர் 12 எக்ஸ்போர்ட்டையும் உள்ளே எடுத்து, ஒரு நகல் சேமித்துவிட்டு, சிம் ஓட்டி, புது லீக் ஃபைலை 11 மணிக்குள் ஏற்றுவார்.

வாரத்துக்கு 5 சிம் வைத்தால் வேகமாகப் போகுமே என்று புதியவர்கள் எல்லோருமே கேட்கிறார்கள். முதல் மாதம் போகும். பிறகு வேலைக்கு நடுவே ஒருவர் விட்டுப்போவார், அவரைப் பார்த்து இன்னொருவர். இப்படிப்பட்ட லீக் ஒன்று நின்றுபோனால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நாலு பேர் ஃபைல் அனுப்புவதை நிறுத்தியிருப்பார்கள். வெறும் கணினியோடு ஆட மீதிப் பேருக்கு மனம் வராது. கீழே உள்ள விதிகளில் பாதி இதைத் தடுப்பதற்காக வந்தவை.

எக்ஸ்போர்ட் அனுப்பினேன், ஆனால் என் மாற்றங்கள் எதுவும் சிம்மில் வரவில்லை. ஏன்?

பத்துக்கு எட்டு முறை, நீங்கள் பழைய லீக் ஃபைலில் வேலை செய்திருப்பீர்கள். செவ்வாய் இரவு வந்த ஃபைலை இறக்காமல், ஞாயிறு ஃபைலில் லைன்அப் மாற்றி வியாழனுக்கு அனுப்பினால் அந்த எக்ஸ்போர்ட் செல்லாது. வேலையைத் தொடங்குமுன் மேலே தெரியும் ஆட்டத் தேதியைப் பாருங்கள். கடைசியாக அறிவித்த தேதியோடு பொருந்தாவிட்டால் நிறுத்திவிட்டு, புது ஃபைலை இறக்குங்கள்.

இன்னொரு காரணம், மாற்றியபின் எக்ஸ்போர்ட் செய்ய மறந்து சேமிக்க மட்டும் செய்வது. சேமித்தது உங்கள் கணினியில் இருக்கும்; கமிஷனருக்கு எட்டாது. மூன்றாவது, பதிப்பு வேறுபாடு. மென்பொருள் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அணைத்து வையுங்கள். புதுப்பிப்பு வந்தால் எல்லோரும் ஒரே இரவில் மாறுவோம், அதுவும் அறிவித்த பிறகுதான். ஆண்டுதோறும் வரும் புதுப் பதிப்புக்கு மாறுவது இரண்டு சீசனுக்கு இடையில் மட்டும்.

ஒரு சிம்முக்கு அனுப்பவில்லை என்றால் என்ன ஆகும்?

ஒன்றும் குடிமுழுகாது. முந்தைய ஏற்பாடே தொடரும். ஆனால் ரோஸ்டரில் 26 பேருக்கு மேல் இருந்தால் நிலைமை வேறு. காயத்திலிருந்து ஒருவர் திரும்பி வந்து 27 ஆகி, நீங்கள் யாரையும் இறக்கவில்லை என்றால், கணினியே ஒருவரைக் கழற்றும்படி விடவேண்டி வரும். அது யாரைக் கழற்றும் என்று உத்தரவாதம் கிடையாது. ஆகவே காயப் பட்டியலில் 7 நாளுக்குள் திரும்பக்கூடியவர் இருந்தால் அந்த சிம்மை மட்டுமாவது தவறவிடாதீர்கள்.

சொல்லாமல் தொடர்ந்து 3 சிம் விட்டால் அணி தானியங்கிக்கு மாறும்: லைன்அப், பிட்சர் வரிசை ஆகியவற்றைக் கணினி பார்க்கும், வாங்கல் விற்றல் மட்டும் முடக்கம். 6 சிம் விட்டால் அணி காலி என்று அறிவித்துக் காத்திருப்போர் பட்டியலில் முதலில் உள்ளவருக்குக் கொடுப்போம். முன்கூட்டியே சொன்னால் இந்த எண்ணிக்கை ஓடாது. ஒரு வரிச் செய்தி போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போவோமே?

பொங்கலுக்கு 5 நாள், தீபாவளிக்கு 4 நாள் சிம் இல்லை. கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் இதில் அடக்கம். ஓசூர் தாண்டும் பேருந்தில் உட்கார்ந்துகொண்டு லைன்அப் போட வேண்டியதில்லை. டிரேடு (அணிகளுக்கிடையே வீரர் பரிமாற்றம்) காலக்கெடுவோ பிளேஆஃபோ இந்த நாட்களில் விழாதபடி சீசன் தொடங்கும் தேதியைப் பின்னோக்கிக் கணக்கிட்டு வைக்கிறோம்.

என் முக்கியப் பிட்சருக்கு ஓர் ஆண்டுக் காயம். மறுபடி சிம் ஓட்ட முடியுமா?

முடியாது. முடிவு பிடிக்கவில்லை, காயம் வந்துவிட்டது, கணினி முட்டாள்தனமாக ஆடியது ஆகிய எதற்கும் மறு சிம் இல்லை. மூன்று சந்தர்ப்பங்களில் மட்டும் உண்டு: கமிஷனர் தவறான ஃபைலில் ஓட்டியது, நேரத்துக்கு வந்துசேர்ந்த எக்ஸ்போர்ட் உள்ளே போகாமல் விட்டது, மின்தடையாலோ வேறு கோளாறாலோ சிம் பாதியில் நின்று ஃபைல் கெட்டது. அப்போதும் சிம்முக்கு முன் எடுத்த நகலிலிருந்து எல்லா அணிக்கும் சேர்த்தே மறுபடி ஓட்டப்படும். ஒரு அணிக்கு மட்டும் திருத்தம் கிடையாது. முதல் ஓட்டத்தில் 4 ஹோம்ரன் (பேஸ்பாலின் சிக்ஸர்) அடித்தவர் இரண்டாம் ஓட்டத்தில் ஒன்றும் அடிக்காமல் போகலாம்; அந்த வருத்தத்தையும் தாங்கித்தான் ஆக வேண்டும்.

இதற்காகவே கடைசி 3 சிம்மின் நகல்களும் ஒவ்வொரு ஆட்ட மாத முடிவின் நகலும் இரண்டு வேறு இடங்களில் இருக்கின்றன. ஒன்று கமிஷனரிடம், ஒன்று துணைக் கமிஷனரிடம்.

கமிஷனருக்கும் ஓர் அணி இருக்கிறது. அவர் ஏமாற்ற மாட்டார் என்று எப்படி நம்புவது?

நம்பச் சொல்லவில்லை, வழியை அடைத்து வைத்திருக்கிறோம். கமிஷனர் நிலையில் ஃபைலைத் திறந்தால் எந்த வீரரின் மதிப்பெண்ணையும் பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். தனியே சிம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தன் லைன்அப்பைத் திருத்தவும் முடியும். எனவே கமிஷனரின் எக்ஸ்போர்ட் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே, 9 மணிக்குள், துணைக் கமிஷனர் கையில் இருக்க வேண்டும். கமிஷனர் செய்யும் டிரேடுக்கு ஒப்புதல் தருவது துணைக் கமிஷனர். கமிஷனர் நிலையில் கையால் செய்த ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பொதுப் பதிவேட்டில் ஏறும்.

ஸ்கவுட்டிங்கை எல்லோருக்கும் அணைத்திருக்கிறோம். அது இருந்தால் ஒவ்வொரு அணிக்கும் வீரரின் மதிப்பெண் கொஞ்சம் மங்கலாக, வெவ்வேறாகத் தெரியும். டிராஃப்ட் சுவையாக இருக்கும். அணைத்தால் 12 பேரும் ஒரே உண்மை மதிப்பெண்ணைப் பார்க்கிறோம், கமிஷனருக்குத் தனி வெளிச்சம் இல்லை. சுவை குறைந்ததில் வருத்தமுள்ளவர்கள் இருக்கிறார்கள். கமிஷனர் தனக்கு அணி வைத்துக்கொள்ளாத லீக்கில் ஸ்கவுட்டிங்கைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

தொடக்க டிராஃப்ட் எப்படி நடக்கும்?

பாம்பு வரிசையில். முதல் சுற்று 1 முதல் 12 வரை, அடுத்த சுற்று 12 முதல் 1 வரை. முதல் இடம் பெற்றவருக்கு 1, 24, 25, 48, 49 என்று வாய்ப்பு வரும். மொத்தம் 40 சுற்று, 480 தேர்வு.

தேர்வுக்கு 8 மணி நேரம் என்று கடிகாரம் வைத்தால் மோசமான நிலையில் 160 நாள் இழுக்கும். பல லீக்குகள் முதல் ஆட்டமே ஆடாமல் இங்கேயே ஓய்ந்துவிடும். நம் முறை: முதல் 5 சுற்று நேருக்கு நேர், தேர்வுக்கு 2 நிமிடம், 60 தேர்வு, 2 மணி நேரம். இது ஞாயிறு காலை 10 மணிக்கு, அல்சூரில். வார நாளில் ஒயிட்ஃபீல்டில் இருப்பவரும் எலக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவரும் அங்கே ஒரே நேரத்தில் வந்து உட்காருவது நடக்கிற காரியமில்லை. மீதி 35 சுற்றுக்கு ஒவ்வொருவரும் 300 பெயர் கொண்ட பட்டியல் கொடுத்துவிட வேண்டும். மென்பொருள் அதிலிருந்து எடுக்கும்.

பட்டியலில் எல்லோரும் செய்யும் தவறு, பேட்டர்களாகவே அடுக்குவது. 20ஆம் சுற்றில் பார்த்தால் கேட்சர் (விக்கெட் கீப்பர் போன்றவர்) ஒருவர்கூட இருக்க மாட்டார். முதல் 150 பெயரில் குறைந்தது 12 கேட்சர், 15 ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்), 60 பிட்சர் கலந்து வையுங்கள். 40 பேரில் 20 பேராவது பிட்சராக இல்லாவிட்டால் ஆட்டக் காலண்டரின் ஜூன் மாதத்தில் புல்பென் (ஆட்ட நடுவில் வந்து வீசும் மாற்றுப் பிட்சர்கள்) வறண்டுபோகும்.

டிரேடு விதிகள் என்ன? அநியாயமான டிரேடை யார் தடுப்பது?

இரு தரப்பும் ஒப்புக்கொண்டதை அறிவித்த பின் 48 மணி நேரம் காத்திருப்பு. மற்ற 10 பேரில் 7 பேர் எதிர்த்தால் ரத்து. எதிர்ப்புக்கு ஏற்கும் காரணம் கூட்டுச்சதி மட்டும்: லீக்கை விட்டுப் போகிறவர் நண்பருக்கு வீரர்களைத் தூக்கிக் கொடுப்பது, இரண்டு அணி சேர்ந்து மூன்றாவதைக் கவிழ்ப்பது போன்றவை. ஒருவர் ஏமாந்துவிட்டார் என்பது காரணமாகாது. அதை அனுமதித்தால் ஒவ்வொரு டிரேடும் பஞ்சாயத்தாகும், பிறகு யாரும் டிரேடே செய்ய மாட்டார்கள்.

அதற்குப் பதிலாகச் சில வரம்புகள். புதிய மேனேஜர் முதல் 4 சிம் வரை டிரேடு செய்ய முடியாது. அடுத்த ஆண்டு டிராஃப்ட் தேர்வு வரை மட்டுமே விற்கலாம், அதற்கப்பால் உள்ளதை விற்கக் கூடாது. நாளைய அணியை அடகு வைத்துவிட்டு ஆள் விலகினால் அந்த அணியை எடுக்க யாரும் வர மாட்டார்கள். ஆட்டக் காலண்டரில் ஜூலை 31க்குப் பின் டிரேடு கிடையாது.

வேண்டுமென்றே தோற்று முதல் தேர்வை வாங்குவதை எப்படித் தடுக்கிறீர்கள்?

குலுக்கல். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலும் (எம்.எல்.பி.) 2023 டிராஃப்ட் முதல் இதைத்தான் செய்கிறது. அங்கே கடைசி மூன்று அணிக்கும் தலா 16.5 சதவீத வாய்ப்பு. நம் லீக்கில் பிளேஆஃபுக்குப் போகாத 8 அணிக்கும் சேர்த்து 100 சீட்டு. கடைசியிலிருந்து 20, 20, 20, 14, 10, 8, 5, 3. கடைசி மூவருக்கும் ஒரே அளவு என்பதால் 10ஆம் இடத்திலிருந்து 12ஆம் இடத்துக்கு இறங்குவதில் லாபமில்லை.

குலுக்குவதற்கு யாருடைய கணினியையும் நம்புவதில்லை. 8 அணிக்கும் 00 முதல் 99 வரை எண்களைப் பிரித்து முன்பே அறிவிப்போம்; 00–19 கடைசி அணிக்கு, 20–39 அதற்கு மேலுள்ள அணிக்கு என்று. குறிப்பிட்ட வர்த்தக நாளில் சென்செக்ஸ் முடிவு எண்ணில் புள்ளிக்குப் பின் வரும் இரண்டு இலக்கம் முதல் தேர்வைத் தீர்மானிக்கும். அடுத்த இரண்டு வர்த்தக நாட்கள் இரண்டாம், மூன்றாம் தேர்வுக்கு. ஏற்கெனவே எடுத்த அணியே மறுபடி வந்தால் அடுத்த நாள். நான்காம் தேர்விலிருந்து தோல்வி வரிசை.

எக்ஸ்ட்ரா இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் ஆளை நிறுத்தும் விதி உண்டா?

9 இன்னிங்ஸில் சமமானால் வரும் கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றும் இரண்டாம் பேஸில் ஓர் ஆளோடு தொடங்கும் விதி இது. வழக்கமான சீசனில் உண்டு, பிளேஆஃபில் இல்லை, எம்.எல்.பி.யிலும் அப்படியே. பழைய ரசிகர்களுக்கு இந்த விதி வேப்பங்காய். ஆனால் நாம் 7 நாளை ஒரே மூச்சில் ஓட்டுகிறோம். திங்கள் ஆட்டம் 16 இன்னிங்ஸ் போனால் புல்பென் முழுதும் களைத்துவிடும், நடுவில் கீழ்நிலை அணியிலிருந்து புதுக் கையை அழைக்க உங்களால் முடியாது. களைத்த பிட்சர்களோடு மீதி 6 நாளும் ஓடும். அதைவிட இது பரவாயில்லை.

டி.ஹெச். (பிட்சருக்குப் பதிலாக அடிக்க மட்டும் வருபவர்) இரு பிரிவுக்கும் உண்டு, 2022 முதல் எம்.எல்.பி.யில் உள்ளபடி. ஜப்பானின் ஒட்டானி போல வீசவும் அடிக்கவும் செய்பவர் ரோஸ்டரில் ஓர் இடம்தான் பிடிப்பார், 13 பிட்சர் வரம்பில் சேர மாட்டார், வீசுவதை நிறுத்திய பின்னும் டி.ஹெச். ஆகத் தொடரலாம்.

இருவர் சமமாக முடித்தால்?

நேருக்கு நேர் ஆட்டக் கணக்கு, அதுவும் சமமென்றால் பிரிவுக்குள் வெற்றி விகிதம். தனி ஆட்டம் கிடையாது.

என் மைதானத்தை நானே வடிவமைக்கலாமா? பெங்களூரிலேயே வைக்கலாமா?

வைக்கலாம். பார்க் ஃபேக்டர் (மைதானம் ரன்னை எவ்வளவு கூட்டும், குறைக்கும் என்ற எண்; 1.000 நடுநிலை) 0.900க்கும் 1.100க்கும் இடையில் இருக்க வேண்டும்; மூன்று சீசனுக்கு ஒரு முறைதான் மாற்றலாம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். எம்.எல்.பி. மைதானங்களில் இதைவிட உயரத்தில் இருப்பது டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு மட்டும், சுமார் 1,600 மீட்டர். மெல்லிய காற்றில் பந்து தூரம் போகும். சின்னசாமியில் சிக்ஸர் பறப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஹோம்ரனுக்கு 1.060 வைத்தால் நியாயமாக இருக்கும். அப்படி வைத்துவிட்டு உயரமாகப் பந்தடிக்க விடும் பிட்சர்களை வாங்காதீர்கள். தரையோடு அடிக்க வைக்கும் பிட்சர்களும் நல்ல இன்ஃபீல்டும் வேண்டும்.

காகிதத்தில் என் அணி பலமானது. ஏன் தோற்கிறது?

எடுத்த ரன்னையும் கொடுத்த ரன்னையும் பாருங்கள். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் சொன்ன கணக்கு: எடுத்ததன் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 800 எடுத்து 700 கொடுத்தால் 0.566, அதாவது 162இல் சுமார் 92 வெற்றி வரவேண்டிய அணி. உங்கள் நிஜக் கணக்கு 85 என்றால் அணியில் குறையில்லை, ஒரு ரன் வித்தியாச ஆட்டங்கள் உங்களுக்குச் சாதகமாக விழவில்லை.

சரிபாதி வெல்லும் திறனுள்ள அணியைக்கூட வெறும் அதிர்ஷ்டம் 75க்கும் 87க்கும் இடையே அலைக்கழிக்கும். மூன்று சீசனில் ஒன்றில் அதையும் தாண்டும். முதல் 40 ஆட்டத்தில் 17 வெற்றியும் 23 வெற்றியும் ஒரே அணியிலிருந்து வரக்கூடியவை. எனவே மே மாத நடுவில் பதறி டிரேடு செய்யாதீர்கள்.

ரன் கணக்கே மோசம் என்றால் முதலில் ஃபீல்டிங்கைப் பாருங்கள். நன்றாக அடிக்கிறார் என்று தேர்ட் பேஸ்மேனை ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்தியிருப்பீர்கள். பழி பிட்சர் கணக்கில் விழுந்துகொண்டிருக்கும்.

பரிசுப் பணம் உண்டா?

இல்லை, இருக்கவும் கூடாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டத்தைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல் தடை செய்கிறது. சர்வர் செலவை மட்டும் 12 பேரும் சமமாகப் பகிர்கிறோம். வெல்பவருக்கு ஒரு கோப்பை, அதையும் அடுத்த சீசன் தந்துவிட வேண்டும்.

கணினி இல்லாமல் அட்டையும் பகடையும் வைத்து ஆடினால் எந்த விதி மாறும்?

பயன்பாட்டு வரம்பு அவசியம். அட்டைகள் ஒரு நிஜ சீசனின் புள்ளிவிவரத்திலிருந்து செய்யப்பட்டவை. 40 முறை மட்டும் ஆடி .400 அடித்த ஒரு பெஞ்ச் வீரரின் அட்டை அசுரத்தனமாக இருக்கும். வரம்பில்லாவிட்டால் அவர் தினமும் ஆடுவார். நிஜத்தில் ஆடிய அளவை உங்கள் சீசன் நீளத்துக்குச் சுருக்கி 10 சதவீதம் கூட்டுங்கள். 162 ஆட்டத்தில் 600 முறை அடித்தவருக்கு 54 ஆட்ட சீசனில் 200, அதோடு 20, ஆக 220. பிட்சருக்கு இன்னிங்ஸ் கணக்கு.

வேண்டுமென்றே வாக் (அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு அனுப்புவது) கொடுப்பதற்கும் வரம்பு வையுங்கள். 2004இல் எம்.எல்.பி. பேட்டர் பேரி பாண்ட்ஸுக்கு நிஜத்திலேயே 120 முறை அப்படிக் கொடுத்தார்கள், அவருடைய ஆன்-பேஸ் (அவுட்டாகாமல் பேஸை எட்டிய விகிதம்) .609. மேஜையில் எதிராளிக்கு வெட்கமில்லை என்றால் அவர் மட்டையைத் தொடவே மாட்டார். ஆட்டத்துக்கு இரண்டு முறை என்று வைத்தால் சண்டை வராது.

சேர விரும்புகிறேன். முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, நாம் ஓட்டும் அதே பதிப்பை வாங்குங்கள். புதிதாக வந்த பதிப்பு வேண்டாம். தனியே ஒரு சோதனை லீக் தொடங்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். காயப் பட்டியலில் சேர்ப்பது, கீழ்நிலை அணியிலிருந்து அழைப்பது, வலக்கை இடக்கைப் பிட்சருக்குத் தனித்தனி லைன்அப் போடுவது என்ற மூன்றும் கைக்கு வந்துவிட வேண்டும்.

அணி கிடைத்ததும் முதல் சிம்முக்கு எதையும் மாற்றாமல் எக்ஸ்போர்ட் மட்டும் அனுப்புங்கள். அது ஒழுங்காக உள்ளே போனது என்று கமிஷனர் பதில் சொன்ன பிறகு லைன்அப்பில் கை வைக்கலாம்.